விட்டுக்கொடுத்த இரண்டு கட்டங்கள்
சிறுவர் ஆட்டத்தில் பெரியவர் காணும் இன்பமும், அதில் அடங்கிய கணிதமும்

கிராமத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தாழ்வாரம். மாலை நேரம், பெருமழை. பள்ளியைப் பார்வையிட வந்த களப் பணியாளர் ஒருவர், மழை விட்டால் பேருந்து நிலையத்திற்குப் புறப்படலாம் என்று காத்திருக்கிறார். அவருக்கருகில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசைக்கு நான்காக நான்கு வரிசைப் புள்ளிகளை வைக்கிறாள். "ஐயா, ஓர் ஆட்டம் ஆடலாமா?" என்று கேட்கிறாள். பொழுது போக வேண்டுமே என்று அவரும் இசைகிறார். நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் காணக்கூடிய காட்சிதான் இது.

ஆட்டத்தின் விதிகளை ஒரு நிமிடத்தில் கூறிவிடலாம். அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். இருவரும் மாறி மாறிக் கோடு போடுவர். எவர் போட்ட கோட்டினால் ஒரு கட்டம் நான்கு பக்கமும் அடைபடுகிறதோ, அக்கட்டம் அவருக்குரியது. அவர் அதில் தம் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டு, மீண்டும் ஒரு கோடு போட வேண்டும். எல்லாக் கோடுகளும் முடிந்தபின், மிகுதியான கட்டங்களை உடையவரே வென்றவர்.

குழந்தைதானே என்று, "நீயே முதலில் போடு, அம்மா" என்கிறார் பணியாளர். பதின்மூன்று கோடுகள் வரை எவருக்கும் கட்டம் கிடைக்கவில்லை. பதினான்காவது கோடு அவருடையது. அந்நேரம் பலகையில் இரண்டு பாதைகளே எஞ்சியிருந்தன: ஒன்று நான்கு கட்டங்கள் கோத்த பாதை, மற்றொன்று ஐந்து கட்டங்கள் கோத்த பாதை. எங்கே கோடு போட்டாலும் எதிராளிக்கே ஆதாயம் என்ற நிலை. ஆகவே அவர் சிறிய பாதையையே திறந்துவிட்டார். மாணவி இரண்டு கட்டங்களை எடுத்தாள். மீதி இரண்டையும் எடுக்க வழி இருந்தும், அவற்றை எடுக்காமல் பாதையின் கடைசியில் ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொண்டாள்.

"கவனிக்கவில்லையே, அம்மா! இரண்டு கட்டங்களை விட்டுவிட்டாயே!" என்று சிரித்தபடி, ஒரே கோட்டினால் அவ்விரண்டையும் அவர் எடுத்துக்கொண்டார்.

"தெரிந்துதான் விட்டேன், ஐயா. இப்போது நீங்கள்தான் மறுபடியும் போட வேண்டும்."

எஞ்சியிருந்தது ஐந்து கட்டப் பாதை ஒன்றே. அவர் அதைத் திறக்க, ஐந்தும் மாணவிக்குச் சென்றன. அவளுக்கு 7, அவருக்கு 2. பேராசை கொண்டு முதலிலேயே நான்கையும் அவள் எடுத்திருந்தால், அடுத்த பாதையைத் திறக்கும் கடமை அவளுக்கு நேர்ந்திருக்கும். 4-க்கு 5 என்று தோற்றிருப்பாள். பணியாளர் நோட்டைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். "இன்னோர் ஆட்டம்" என்றார். மழை நின்றதை அவர் கவனிக்கவில்லை.

பொழுதுபோக்காகத் தொடங்கியவர் எதனால் இவ்வாறு ஆட்டத்தில் ஆழ்ந்தார்? அந்த ஆட்டத்தில் உண்மையிலேயே ஏதேனும் இருக்கிறதா, அல்லது இது வெறும் மயக்கமா? அங்கன்வாடியிலும் வகுப்பறையிலும் சிறுவர் ஆட்டங்களைக் கையாளும் பணியாளரும் ஆசிரியரும் ஆராய்ந்து பார்க்கத்தக்க வினா இது.

அறிஞரும் சிறுவர் ஆட்டமும்

இப்புள்ளிக் கட்ட ஆட்டத்தை அச்சில் முதலில் விவரித்தவர்களுள் ஒருவர், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் எட்வார் லூக்கா. ஆண்டு 1889. பாரிஸ் நகரின் எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்கள் இதனை ஆடி வந்தனர் என்பது அவர் தரும் செய்தி. லூக்கா சாமானியரல்லர். இரண்டின் 127-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 39 இலக்க எண் ஒரு பகா எண் என்று, கணிப்பொறி ஏதுமில்லாத 1876-ஆம் ஆண்டில் நிறுவியவர். 1883-இல் 'ஹனோய் கோபுரம்' என்னும் வட்டுப் புதிரை விளையாட்டுப் பொருளாக வெளியிட்டவரும் அவரே. எண்களை ஆராய்ந்த மூளைக்கும் பொம்மை செய்த கைக்கும் இடையே அவர் வேலி எதனையும் இட்டுக்கொள்ளவில்லை.

இவ்வாட்டத்தின் உள்மருமத்தை வெளிப்படுத்திய பெருமை அமெரிக்கக் கணித அறிஞர் எல்வின் பெர்லேகாம்ப் அவர்களைச் சாரும். 1940-இல் பிறந்து 2019-இல் மறைந்த இவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதம், மின்பொறியியல் ஆகிய இரு துறைகளிலும் பேராசிரியராக விளங்கினார். செய்தியை அனுப்பும் வழியில் நேரும் பிழைகளைப் பெறுமிடத்திலேயே கண்டு திருத்திக்கொள்ள உதவும் குறியீட்டு முறைகள் அவரது முதன்மைத் துறை. 1968-இல் அத்துறை பற்றி அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. அவர் வகுத்த கணக்கிடும் முறையின் வழி வந்த உத்திகள், கீறல் விழுந்த இசைத்தட்டும் பிழையின்றி ஒலிப்பதற்குத் துணை நின்றன.

இத்தகையவர், தொடக்கப் பள்ளி நாட்களில் கற்ற புள்ளி ஆட்டத்தை வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. 1982-இல் ஜான் கான்வே, ரிச்சர்டு கை ஆகிய இரு கணித அறிஞருடன் சேர்ந்து ஆட்டங்களின் கணிதம் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 2000-ஆம் ஆண்டில், இவ்வோர் ஆட்டத்திற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்.

பெரியோர் பொம்மை முன் அமர்ந்த கதைகள் வேறும் உண்டு. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 1950-களின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில், பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர், வுல்ஃப்காங் பவுலி ஆகிய இருவரும் குனிந்து தரையை நோக்குகின்றனர். அங்கே சுழல்வது ஒரு சிறு பம்பரம். சுழலச் சுழலத் தலைகீழாகப் புரண்டு காம்பின் மேல் நிற்கும் வகைப் பம்பரம் அது. அணுவின் அமைப்பை ஆராய்ந்த இருவரின் முகத்திலும் சிறுவரின் ஆர்வமே தெரிகிறது. மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ், துண்டுகளைப் பொருத்தும் புதிரொன்றின் மேல் தாம் கொண்ட விருப்பத்திலிருந்து, 1984-இல் 'டெட்ரிஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்களே அதன் மூலதனம். இன்று கைபேசியில் சிறுவருக்கென வரும் எத்தனையோ சிற்றாட்டங்களுக்கு அது மூத்த உறவு. பிள்ளையின் கைபேசியை வாங்கி, 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்று தொடங்கி அரை மணி நேரம் ஆழ்ந்துபோகும் தந்தையரும் அன்னையரும், இவ்வறிஞர் வரிசையின் கடைசியில் நிற்பவர்களே.

ஆட்டத்தின் உட்கணக்கு

இனி, மாணவி கண்ட உத்தியின் அடிப்படையைப் பார்ப்போம். இதற்குக் கூட்டலும் கழித்தலும் போதும்.

16 புள்ளிகள் கொண்ட பலகையில் கட்டங்கள் 9, கோடுகள் 24. புள்ளிகளையும் கட்டங்களையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் கோடுகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 16 + 9 − 1 = 24. 9 புள்ளி, 4 கட்டம் உடைய சிறு பலகையில் 12 கோடுகள். 25 புள்ளி, 16 கட்டம் உடைய பலகையில் 40 கோடுகள். இவற்றிலும் இக்கணக்குப் பொருந்துவதைக் காணலாம்.

ஒருவர் தம் வாய்ப்பில் தொடர்ந்து போடும் கோடுகள் அனைத்தையும் சேர்த்து ஒரு 'முறை' என்று கொள்வோம். கட்டம் எதனையும் அடைக்காத கோடு, போட்டவரின் முறையை முடிக்கிறது. கட்டத்தை அடைக்கும் கோடு முறையை நீட்டிக்கிறது. ஆட்டத்தின் கடைசிக் கோடு எப்போதும் ஒரு கட்டத்தையேனும் அடைக்கும். ஆதலால் கடைசி முறை ஆட்டத்தோடு முடிகிறது. ஆகவே, கட்டம் அடைக்காத கோடுகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டினால் முறைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

ஒவ்வொரு கட்டத்தையும் அடைக்க ஒரு கோடு வேண்டும். ஆனால் பணியாளர் செய்ததுபோல், ஒரே கோட்டினால் இரு கட்டங்கள் அடைபடுவதும் உண்டு. அதனை 'இரட்டைக் கோடு' என்போம். ஒவ்வோர் இரட்டைக் கோடும், கட்டம் அடைக்கத் தேவையான கோடுகளில் ஒன்றைக் குறைக்கிறது. இவையனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் அழகிய சமன்பாடு வெளிப்படும்:

புள்ளிகள் + இரட்டைக் கோடுகள் = முறைகள்.

மேற்கண்ட ஆட்டத்தைச் சோதிப்போம். முதல் 13 கோடுகள் 13 முறைகள். பணியாளர் சிறு பாதையைத் திறந்தது 14-ஆம் முறை. மாணவி இரண்டை எடுத்து இரண்டை விட்டது 15-ஆம் முறை. பணியாளர் இரட்டைக் கோடு போட்டு, பின் பெரிய பாதையைத் திறந்தது 16-ஆம் முறை. மாணவி ஐந்தையும் எடுத்தது 17-ஆம் முறை. புள்ளிகள் 16, இரட்டைக் கோடு 1, ஆக 17. கணக்கு ஒத்துவருகிறது.

ஆட்டத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. கடைசிப் பெரும் பாதையை எடுப்பவர் பெரும்பாலும் வெல்வார். அவ்வாறு எடுப்பது கடைசி முறையில் நிகழும். முறைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் கடைசி முறை முதலில் தொடங்கியவருக்கு, இரட்டைப்படையாயின் மற்றவருக்கு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கட்டங்களுடைய நீண்ட பாதைகளில், கடைசிப் பாதை நீங்கலாக ஒவ்வொன்றிலும் ஓர் இரட்டைக் கோடு தோன்றுவது இயல்பு. ஆகவே 16 புள்ளிப் பலகையில், நீண்ட பாதைகள் இரட்டைப்படையாக அமையும்படி முதலில் தொடங்கியவர் முயல வேண்டும். ஒற்றைப்படையாக அமையும்படி மற்றவர் முயல வேண்டும். பாதைகள் வளையமாக மூடிக்கொண்டால் கணக்குச் சற்று மாறும். எனினும் அடிப்படை இதுவே. கட்டங்களைப் பறிப்பதில் கண் வைப்பவர் ஆட்டத்தின் மேற்பரப்பை மட்டுமே காண்கிறார்; பாதைகளை எண்ணுபவர் அதன் அடித்தளத்தைக் காண்கிறார்.

இவ்விதி தெரிந்தபின் ஆட்டம் சுவையற்றுப் போகுமோ எனின், இல்லை. தாம் விரும்பும் எண்ணிக்கையில் பாதைகளை அமைப்பதும், எதிராளி அமைப்பதைக் குலைப்பதும் எளிதன்று. 24 கோடுகளுள் ஒவ்வொன்றும் போடப்பட்டோ போடப்படாமலோ இருக்கலாம் என்பதால், சிறு பலகையிலேயே 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 தோற்றங்கள் எழக்கூடும். நான்குக்கு ஐந்து கட்டங்கள் உடைய பலகையின் 49 கோடுகளுக்கோ, அத்தொகை ஐந்து கோடி கோடிக்கும் மேல். அப்பலகையின் முடிவைக் கணிப்பொறி கொண்டு முழுமையாகக் கண்டறிந்தது 2012-ஆம் ஆண்டில்தான். எவ்வளவு பெரிய பலகைக்கும் விரைவில் விடை தரும் பொதுவழி கிட்டுவது மிக அரிது என்பதற்குச் சான்றாக, இவ்வாட்டம் கணிப்பொறி இயலில் மிகக் கடினமான கணக்குகளின் ஒரு வகுப்பைச் சேர்ந்தது என்று 2021-இல் நிறுவப்பட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாம் அலட்சியமாகப் புரட்டிய ஆட்டத்தின் ஆழம் இவ்வளவு.

பெரியவர் ஏன் மகிழ்கிறார்?

சிற்றாட்டத்தில் வளர்ந்தவர் அடையும் இன்பத்திற்குச் சில காரணங்களைக் கூறலாம். முதலாவது, அதன் விதிகள் சில. முழுவதும் கண்முன் தெரிகின்றன. அலுவல் உலகில் ஒரு முயற்சியின் பயனை அறியப் பல மாதங்கள் ஆகும். இங்கோ ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது, தோல்விக்கு விலை இல்லை. ஆதலால் துணிந்து சோதித்துப் பார்க்கலாம். கருதுகோளை வகுத்து, சோதித்து, தவறெனில் திருத்திக்கொள்வது விஞ்ஞானியின் வழக்கம்; அவ்வழக்கம் இங்கே தானே கைவருகிறது. மூன்றாவது, எதிராளியும் ஏறத்தாழ நிகராக இருப்பின், ஆட்டம் சலிப்பும் தருவதில்லை, அச்சமும் தருவதில்லை. சதுரங்கம் ஆடுவோர், மலையேறுவோர், அறுவை மருத்துவர் முதலியோரை ஆராய்ந்து 1975-இல் நூல் வெளியிட்ட உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, செயலின் கடுமையும் செய்பவரின் திறமையும் ஒத்து நிற்கும்போதே மனம் தன்னை மறந்து ஆழ்கிறது என்று விளக்கினார். மழை நின்றதைப் பணியாளர் கவனியாமற்போனதற்கு இதுவே விளக்கம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. புள்ளிப் பலகையில் 24 கோடுகள் முடிந்தால் ஆட்டம் முடிந்தது, எழுந்துவிடலாம். கைபேசிச் சிற்றாட்டங்கள் பலவற்றிற்கு முடிவென்பதே இல்லை. ஒரு படி முடிந்ததும் அடுத்த படி அழைக்கும். நடுநடுவே விளம்பரமும் விலைப்பட்டியலும் தலைகாட்டும். முடிவுள்ள ஆட்டம் சிந்தனைக்கு இடம் தருகிறது. முடிவற்ற ஆட்டம் அந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறது. பெரியவர் இவ்வேற்றுமையைத் தாமே உணர்ந்தாலன்றிக் குழந்தைக்கு எடுத்துரைக்க இயலாது.

வகுப்பறைக்கு உரியது

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென 2022-இல் வெளியான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும் விளையாட்டைக் கல்வியின் அடிப்படையாக வலியுறுத்துகின்றன. 2023 பிப்ரவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பொம்மைகள், புதிர்கள், பாவைகள், கதைப் புத்தகங்கள் அடங்கிய 'ஜாதூயி பிடாரா' என்னும் மாயப் பெட்டியை அறிமுகப்படுத்தியது. பெட்டி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து முதலில் ஆசிரியர் ஆடிப் பார்க்க வேண்டும். இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பொருட்குறை அன்று. 'இந்த வயதில் இதுவா?' என்னும் கூச்சமே.

அக்கூச்சத்தின் விலையை அந்தப் பள்ளித் தாழ்வாரத்திலேயே காணலாம். மாணவி இரண்டு கட்டங்களை விட்டபோது, பணியாளர் அதைக் கவனக்குறைவு என்றே எண்ணினார். அவர் எதிரில் அமர்ந்து ஆடாமல், பக்கத்தில் நின்று மேற்பார்வை மட்டும் செய்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? "எல்லாவற்றையும் எடு" என்று திருத்தியிருப்பார். குழந்தையும் பணிந்திருக்கும். தானே கண்டறிந்த ஓர் அரிய உண்மையைப் பிழையென்று நம்பி விட்டுவிட்டிருக்கும். உடன் ஆடித் தோற்றதனாலேயே அவருக்கு அந்த உண்மை விளங்கிற்று.

செயல்படுத்த விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: முதலில் 9 புள்ளிப் பலகையில் தொடங்குக. தரையில் சுண்ணக்கட்டியாலோ கோலப்பொடியாலோ புள்ளி வைத்தால் வகுப்பு முழுதும் காண முடியும். கோடுகளை எண்ணச் செய்து, புள்ளிகளுக்கும் கட்டங்களுக்கும் கோடுகளுக்கும் உள்ள உறவைக் குழந்தைகளே கண்டுபிடிக்க விடுக. அடுத்து 16 புள்ளிப் பலகையில், முறைகளையும் இரட்டைக் கோடுகளையும் ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். பத்து ஆட்டங்களின் குறிப்பைப் பக்கம் பக்கமாக வைத்தால் சமன்பாடு தானே புலப்படும். நீண்ட பாதைகளின் விதியை முன்கூட்டிச் சொல்லிவிடுதல் கூடாது. பயிற்சி முகாமில் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் ஒருவரோடொருவர் ஆடிய பின்னரே இதனை வகுப்பிற்குக் கொண்டு செல்லுதல் நலம். குழந்தை ஒன்று விசித்திரமான கோடு போட்டால், "ஏன் இங்கே போட்டாய்?" என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

புள்ளியும் கோடும் மட்டுமின்றி, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு ஆடும் ஆட்டங்களும் இந்நாட்டில் நிரம்ப உண்டு. தமிழகத்தின் பல்லாங்குழியும், அதன் உறவான கர்நாடகத்து அளிகுளி மணேயும், ஆந்திரத்து வாமனகுண்டலுவும், ஆடு புலி ஆட்டத்தின் பல வடிவங்களும் எண்ணிப் பார்க்கவும் ஆராயவும் காத்திருக்கின்றன. அவற்றின் விதிகளை ஊர்தோறும் கேட்டுப் பதிவு செய்வது, களப் பணியாளர் தம் சுற்றுப்பயணத்தினிடையே செய்யத்தக்க பயனுள்ள பணியாகும். கேட்டறிவதற்கு உரியவர்கள் அவ்வூர்க் குழந்தைகளும் மூதாட்டியருமே. அவர்கள் எதிரில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடித் தோற்பதே அப்பதிவைத் தொடங்குவதற்கு ஏற்ற வழி.